மூன்றாம் வாசிப்பு

ரங்கூனில், லான்மடாவில் எங்கள் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருக்கும் நல்லப்பன் அண்ணனைப் போல விதி தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. விதி தெரிந்ததாலேயே இப்படி நொந்துபோன மனிதரையும் பார்த்ததில்லை. அவரைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். பிழைக்கத் தெரியாதவர் என்கிறார்கள், கிறுக்கு என்கிறார்கள். சொல்கிறவர்களில் ஒருத்தராவது அந்த ஆறு மாடியை ஏறிப் போய் அவர் முகத்தைப் பார்த்ததுண்டா என்றால் இல்லை. நான் அதே கட்டடத்தின் வாசலில் இடியாப்பமும் ஆப்பமும் விற்கிறவள். ராதாமணி என்று பெயர். அவர் ஏறுவதையும் இறங்குவதையும் எத்தனையோ வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பக்கத்துப் பேட்டையான அலோனில் ஆற்றோரத்து அரிசிக் கிட்டங்கி ஒன்றில் கிராணியாக இருந்து ஓய்ந்தவர். அவருடைய பாட்டனார் கப்பலில் மூட்டை ஏற்ற வந்தவர். தகப்பனாரும் மூட்டைதான் தூக்கினார். மூட்டை தூக்காமல் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் இவர். அதே கிட்டங்கியில் கிழிந்த சாக்குகளைத் தைக்கிற பெண்களில் ஒருத்தி சோ யீ. பர்மாக்காரி, புத்த மதம். கோணி ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு, கன்னம் நிறையத் தனாக்காப் பட்டைச் சாந்து பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். அண்ணன் அங்கேயே விழுந்துவிட்டார். இரண்டு வீட்டாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இவர்கள் மதம் மாறவில்லை, ஒருவரை ஒருவர் மாறச் சொல்லவும் இல்லை. வீட்டில் மேல்தட்டில் புத்தர், அடுத்த தட்டில் அம்மன். உங்கள் வீட்டில் யார் பெரியவர் என்று நான் ஒருமுறை சோ யீயிடம் கிண்டலாகக் கேட்டேன். "மேல இருக்கறவரு கண்ணை மூடிக்கிட்டு இருக்காரு. கீழ இருக்கறவ தொறந்துக்கிட்டு இருக்கா. வீட்டுக்கு ரெண்டும் வேணும்" என்றாள். அவளை நான் மமா என்றுதான் கூப்பிடுவேன். பர்மா பாஷையில் அக்காவுக்கு அப்படித்தான் சொல்வது.

அலோனில் ஆற்றோரம்தான் எங்கள் செல்லியம்மன் கோயிலும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் மமா வாளியும் தேங்காய் நாருமாகப் போய் அங்கே கல் மண்டபத்தைத் தேய்த்துக் கழுவுவாள். முப்பத்தைந்து வருஷம் கழுவினாள். அவள் கழுவிய தரையில் உட்கார்ந்துதான் எங்கள் கோயில் சபை கூடி, அவளை எங்கே புதைக்கலாம், எங்கே புதைக்கக் கூடாது என்று பேசியது.

எங்கள் ஜனம் புதைக்கிற ஜனம். சபைக்கு ஊருக்கு வெளியே யேவே மயானத்தில் வேலி போட்ட ஒரு துண்டு நிலம் உண்டு. சபையின் அங்கத்தினரும் அவருடைய 'இந்து மதத்தைச் சேர்ந்த மனைவியும்' அங்கே பக்கத்தில் பக்கத்தில் அடங்கலாம் என்பது விதி. பர்மாப் பெண்ணைக் கட்டியவன் தான் மட்டும் உள்ளே போகலாம். அவன் பெண்டாட்டி வேலிக்கு வெளியே, பொது நிலத்தில், அன்றைக்கு எந்தக் குழி வரிசையில் வருகிறதோ அதில் போவாள். அப்படிப் பிரிந்து கிடக்கிற ஜோடிகள் இப்போதும் அங்கே உண்டு. பிள்ளைகள் பூ வாங்கிக்கொண்டு வந்து முதலில் அப்பாவைப் பார்ப்பார்கள். பிறகு வேலியைச் சுற்றிப் போய் அம்மாவைத் தேடுவார்கள்.

இது அண்ணனை ஏன் இப்படி உறுத்தியது என்று சொல்ல வேண்டும். ஊருக்குள் இருந்த பழைய மயானத்தை அரசாங்கம் காலி செய்யச் சொன்ன காலத்தில், தகப்பனாரின் குழியைத் தோண்டி எலும்புகளைச் சாக்கில் எடுத்துக்கொண்டு யேவேக்குப் போனவர் அவர். அந்தச் சாக்கின் வாயைத் தைத்துக் கொடுத்தவள் மமா. "தோண்டறப்ப மண்வெட்டி எங்க அப்பா நெஞ்சுல பட்டுது, ராதா. சத்தம் கேட்டுது. இனிமே எங்க வீட்டுல யாரையும் தோண்டக் கூடாது" என்று என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறார். தானும் மமாவும் ஒரே இடத்தில், பக்கத்தில் பக்கத்தில், யாரும் தொடாமல் கிடக்க வேண்டும். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். வீடு கேட்கவில்லை, வாசல் கேட்கவில்லை.

அப்படி இருக்கிற நாளில்தான் பன்சொடான் சாலை நடைபாதைக் கடையில் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் அவர் கையில் சிக்கியது. ஏதோ வக்கீல் ஆபீசில் கழித்துப்போட்டது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் லண்டன் பார்லிமெண்டில் நடந்த விவாதங்கள். அதில் ஒரு மெம்பர். வாயில் நுழையாத பெயர், அதனால் நான் மெம்பர் துரை என்றே வைத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் அங்கே கிராமத்து மயானம் எல்லாம் அரசாங்கச் சர்ச்சின் கையில் இருந்ததாம். வேறு சபையைச் சேர்ந்த கிறிஸ்தவன் செத்தால் அவனுடைய போதகர் உள்ளே வந்து ஒரு ஜெபம் சொல்லிப் புதைக்க முடியாதாம். மெம்பர் துரை எழுந்து நின்று, இதை மாற்றுங்கள் என்று மசோதா கொண்டுவருவார். தோற்பார். அடுத்த வருஷம் மறுபடியும் கொண்டுவருவார்.

அண்ணனுக்கு அந்தப் புத்தகம் பைத்தியமாகவே பிடித்துவிட்டது. சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து மமாவுக்குப் பர்மா பாஷையில் மாற்றிச் சொல்லுவார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அவள் கேட்பாள். நாளடைவில் மெம்பர் துரை அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிட்டார். "இன்னைக்கு அவரு ஜெயிச்சாரா, கோ நல்லா?" என்பாள். அண்ணனை அவள் கூப்பிடுவது அப்படித்தான். "இன்னைக்கும் இல்ல." "ஐயோ பாவம், சாப்பிட்டாரா இல்லையா?" என்பாள்.

எதிர்த்துப் பேசியவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் எனக்கு வேடிக்கை. இன்று பிணத்தை உள்ளே விட்டால் நாளை உயிரோடு இருப்பவன் உள்ளே வருவான், பிறகு சர்ச்சே போய்விடும் என்றார்களாம். மெம்பர் துரை அதற்கு, செத்தவன் யாரோடும் சண்டைக்கு வரமாட்டான், அவன் வீட்டாரைக் குழிமேட்டில் நிறுத்தி அவமானப்படுத்தி உங்கள் மதத்தை எந்த ஆபத்திலிருந்து காப்பாற்றினீர்கள் என்று கேட்டாராம். அந்த இடத்தை வாசிக்கும்போது அண்ணனுக்குக் குரல் ஏறிவிடும். கடைசியில் எத்தனையோ வருஷம் கழித்துச் சட்டம் மாறியதாம். அதற்குள் அந்த ஊரில் எத்தனை பேர் செத்துக் கண்ட இடத்தில் அடங்கினார்கள் என்று நான் கேட்டேன். அதைப் புத்தகத்தில் யாரும் எழுதவில்லை.

அண்ணன் சபையின் அங்கத்தினர். மெம்பர் துரை செய்ததை அவரும் செய்ய ஆரம்பித்தார். ஒவ்வொரு வருஷமும் தைக் கூட்டத்தில் எழுந்து, 'இந்து மதத்தைச் சேர்ந்த' என்ற சொற்களை எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருவார். அவரோடு கிட்டங்கியில் வேலை பார்த்த சின்னத்தம்பி எழுந்து "வழிமொழியறேன்" என்பார். சின்னத்தம்பிக்கும் பர்மாப் பெண்டாட்டிதான். அந்த ஒரு சொல்லைத் தவிர அவர் சபையில் வேறு பேசி நான் கேட்டதில்லை. பிறகு எல்லாரும் சிரிப்பார்கள், கை தூக்குவார்கள், தீர்மானம் தோற்கும். பொங்கல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கூட்டத்துக்குச் சமைக்கிறவர்கள் நாங்கள். மண்டபத்தை ஒட்டிச் சமையல்கட்டு. காக்கை வராமல் இருக்கக் கம்பிவலை அடித்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் நின்று கேட்போம். பெண்கள் சபையில் அங்கத்தினர் ஆக முடியாது. லண்டன் பார்லிமெண்டிலும் அந்த நாளில் பெண்களைக் கம்பித் தடுப்புக்குப் பின்னால்தான் உட்காரவைத்தார்கள் என்று அண்ணன் ஒருநாள் பெருமையாகச் சொன்னார். "அதுல என்ன பெருமை இருக்கு?" என்று கேட்டேன். சிரித்தார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

சபையில் அவருக்கு மரியாதை இல்லாமல் இல்லை. முன்னால் இருந்த கமிட்டி ஒரே மத்தியானத்தில் கோயிலின் தெருப்பக்கத்து இடத்தை யாருக்கோ கடை போட எழுதிக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு அண்ணன்தான் சொன்னார், பார்லிமெண்டு மாதிரி முக்கியமான விதி எதையும் மூன்று கூட்டத்தில் மூன்று தடவை வாசித்து நிறைவேற்ற வேண்டும் என்று. ஒரு கூட்டத்தில் அவசரப்பட்டாலும் அடுத்ததில் புத்தி வரும். சபை அதை ஏற்றுக்கொண்டது. அங்கத்தினரில் மூன்றில் ஒரு பங்கு பேர் நேரில் இல்லாவிட்டால் கூட்டமே செல்லாது என்பதும் அவர் சொல்லி வந்ததுதான். நல்ல விதிகள். நல்ல விதிகள் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

போன வருஷக் கடைசியில் மமாவின் கண் மஞ்சளாகியது. ஈரலில் கட்டி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அண்ணனும் நானுமாக நாற்காலியில் உட்காரவைத்து ஆறு மாடி தூக்கிக்கொண்டு போனோம். மகன் நரேஷ் இருந்திருந்தால் தோளில் போட்டுக்கொண்டு ஏறியிருப்பான். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்ததும் அவன் எல்லை தாண்டிப் போய்விட்டான். இப்போது போனில் மட்டும் இருக்கிறான், அதுவும் கரண்டு இருந்தால்.

அந்தத் தைக் கூட்டத்தில் அண்ணன் எழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. தலைவர் தேவராஜ் மட்டும் எதிர்த்துப் பேசினார். லத்தாவில் அரிசியும் பருப்பும் மொத்தமாக விற்கிறவர். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர்.

"பர்மாக்காரங்களை வெறுத்துப் பேசறேன்னு யாரும் நெனச்சுக்க வேண்டாம். என் மருமகளே பர்மாக்காரிதான்" என்று ஆரம்பித்தார். "அந்த நிலம் இந்து மயானம்னு எழுதியிருக்கு. உள்ள ஒரு புத்த சமாதி வந்தா பொங்ஜி சாமியாருங்க வருவாங்க, ஓதுவாங்க, தண்ணி ஊத்துவாங்க. வரட்டும். நாளைக்கு டவுன்ஷிப் ஆபீசுல ஒருத்தன், இது யாரு நெலம்னு கேட்டா நான் என்ன சொல்றது? நம்ம கையில இருக்கறது அந்த வேலி ஒண்ணுதான். அதுவும் போயிட்டா நம்ம ஆளுங்க எல்லாருமே வெளியதான் கெடக்கணும்."

தலைகள் ஆடின. அந்தப் பயம் எல்லாருக்கும் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

அண்ணன் எழுந்தார். கையில் புத்தகம் இல்லை. "தலைவரே, பொங்ஜி வந்து தண்ணி ஊத்தினா நம்ம அம்மன் ஓடிடுவாளா? ஓடறவளா இருந்தா முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே ஓடியிருப்பா. சோ யீ இந்த மண்டபத்தைத் தேய்ச்சுக் கழுவறப்ப யாரும் அவளை என்ன மதம்னு கேக்கல. கழுவறப்ப இல்லாத மதம் படுக்கறப்ப மட்டும் எங்கேருந்து வருது? அவ போகப்போறா. எல்லாருக்கும் தெரியும். என் பக்கத்துல அவளுக்கு ஒரு ஆள் நீளத்துக்கு எடம் குடுங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நாங்களும் அழுதோம். சின்னத்தம்பி "வழிமொழியறேன்" என்றபோது அவருக்கும் குரல் உடைந்தது. கை தூக்கச் சொன்னார்கள். முதல் வாசிப்பு ஜெயித்தது. தேவராஜ் எதிராகக் கை தூக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் ஆறு மாடியும் ஓடி ஏறினார் என்றால் நம்பமாட்டீர்கள். நான் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். மமா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். "அமலே, அம்மாடி! மெம்பர் துரையை முந்திட்டியா நீ!" என்று கையைத் தட்டினாள். பிறகு, "இன்னும் ரெண்டு வாசிப்பா? சரி. நான் இருக்கேன். சாவுக்கு நான் சொல்லிடறேன், மூணாவது முடியட்டும், அப்புறம் வான்னு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்திரைக் கூட்டத்தில் இரண்டாம் வாசிப்பும் ஜெயித்தது. மூன்றாவது ஆடியில். அதற்குள் மமா பாதியாகிவிட்டாள். கால் வீங்கி, வயிறு வீங்கி, முகம் மட்டும் சுண்டைக்காயாக இருந்தது. வலி மிகுந்த நாளில் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். வெளியே செத்த உடம்பைத் தெருவுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது இங்கே வழக்கம். ஆஸ்பத்திரியில் செத்தால் அப்படியே அங்கிருந்து மயானம்தான். "என் வீட்டுலேருந்து என் எடத்துக்குப் போறேன்" என்றாள். என் இடம் என்று அவள் சொன்னது வேலிக்குள் இருக்கும் அந்த ஒரு ஆள் நீளத்தைத்தான்.

ஆடிக் கூட்டத்தன்று காலையிலிருந்தே மழை. ரங்கூன் மழை தெரியும்தானே, சாக்கடைக்கும் தெருவுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். அலோனில் முழங்கால் தண்ணீர். நாங்கள் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தோம். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். ஒவ்வொருவராக வந்தார்கள். குடையை உதறினார்கள். பிறகு யாரும் வரவில்லை.

சபையில் அறுபத்துமூன்று பேர் அங்கத்தினர். பாதிப் பேர் நாட்டில் இல்லை. இருக்கிற இளவட்டம் வெளியே தலை காட்டுவதில்லை, நாலு பேர் சேரும் இடத்துக்கு வந்தால் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று. ஆனால் சபைப் பதிவில் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. நரேஷின் பெயரும் இருக்கிறது. இருபத்தொரு பேர் வேண்டும். வந்திருந்தவர்கள் பத்தொன்பது பேர். தேவராஜ் எண்ணினார், மறுபடி எண்ணினார். போன் போட்டுப் பார்த்தார்கள். ஒருத்தருக்குத் தெருவில் தண்ணீர், ஒருத்தருக்குக் காய்ச்சல், பலருக்கு லைன் கிடைக்கவில்லை. மழை இன்னும் வலுத்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. கரண்டியோடு மண்டபத்துக்குள் போய்விட்டேன். "சமையல்கட்டுல நாங்க இத்தனை பேர் நிக்கறோம். எல்லாரும் இதே கோயில் பொம்பளைங்கதானே? ரெண்டு பேரை எண்ணிக்குங்க. கை தூக்க வேணாம், வாயைத் தொறக்க வேணாம். சும்மா உக்காந்திருக்கோம்."

சிலர் சிரித்தார்கள். தேவராஜ் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதியில எடம் இல்லம்மா" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா இன்னைக்கு நான் பிடிவாதம் பண்ண விரும்பல. விதி தெரிஞ்சவரு நம்ம நல்லப்பன். அவரு சரின்னு சொன்னா எண்ணிக்கறேன். ஒருத்தரும் எதுக்க மாட்டாங்க" என்றார்.

பத்தொன்பது ஆண்களும் அண்ணனைப் பார்த்தார்கள். ஜன்னலில் நின்ற பெண்களும் பார்த்தார்கள். ஒரு தலையாட்டல் போதும். நான் அவர் பக்கத்தில் நின்று, "சொல்லுங்க அண்ணே" என்றேன்.

அவர் "வேண்டாம்" என்றார்.

"அண்ணே!"

"வேண்டாம், ராதா. விதி மீறி நெறவேத்தினதுன்னு நாளைக்கு எவனாவது ஒருத்தன் கெளம்புவான். அந்தத் தீர்மானம் செல்லாதும்பான். அவளை வெளிய எடுக்கச் சொல்லுவான். மறுபடி மண்வெட்டி எடுக்க என்னால முடியாது. ரெண்டு வாரம் தள்ளி வைங்க தலைவரே. முறைப்படி நடக்கட்டும். அவ இருப்பா. இருக்கேன்னு சொல்லியிருக்கா."

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. கூழ் அப்படியே மிஞ்சிப் போயிற்று. அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. சமையல்கட்டு நிறைய நின்ற பெண்களை இரண்டு தலையாகக்கூட அவரால் எண்ண முடியவில்லை. வேலிக்குள் ஒரு பெண்ணுக்கு இடம் கேட்டு வருஷக்கணக்காகப் போராடிய மனிதர், வேலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த எங்களைப் பார்க்கவே இல்லை. அதே சமயம் அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் வாய் வரவில்லை. அந்த மண்வெட்டிச் சத்தம் அவர் காதில் கேட்டுக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.

மமா அந்த வாரமே போய்விட்டாள். விடிகிற நேரம், அண்ணன் காப்பி போட எழுந்தபோது. முந்தின நாள் வரைக்கும் "கூட்டம் எப்ப?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு தடவையும் "இதோ வந்துடுச்சு" என்றார்.

சபைக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். சின்னத்தம்பி வந்து மூலையில் உட்கார்ந்து அழுதார். மழைக்கு வராதவர்களும் காய்ச்சலில் படுத்திருந்தவர்களும் வந்தார்கள். அன்றைக்கு அந்தச் சின்ன வீட்டில் எத்தனை கூட்டமும் நடத்தியிருக்கலாம். பொங்ஜிகள் வந்து ஓதினார்கள், எங்கள் ஆட்கள் கைகூப்பி உட்கார்ந்து கேட்டார்கள். யாருடைய மதத்துக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. சபை நிலத்தில் வைத்துவிடலாம் என்று தேவராஜ் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் தேநீர் குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார். அண்ணனும் கேட்கவில்லை. படியில் இறங்கும்போது நான் தேவராஜை நிறுத்தினேன்.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அன்னைக்கே சொன்னேனே, ராதா. அத்தனை பேர் முன்னாடி அவருதானே வேண்டாம்னாரு? அவரு பேச்சை மீறி நான் எப்படி?" என்றார். அவருக்கும் கண் சிவந்திருந்தது. நாசமாய்ப் போன மரியாதை.

யேவேயில் மமாவைப் பொது நிலத்தில் வைத்தார்கள். வரிசையில் அடுத்த குழி எதுவோ அதில். எங்கள் வேலி அங்கிருந்து பார்த்தால் தெரியும். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஒத்திவைத்த கூட்டம் சொன்ன நாளில் நடந்தது. அன்றைக்கு மழை இல்லை. மண்டபம் நிறைய ஆள். அண்ணன் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார், அதே வெள்ளைச் சட்டையில். எழுந்து நின்று தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை, கிட்டங்கியில் மூட்டை எண் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. சின்னத்தம்பி வழிமொழிந்தார். ஒருத்தர்கூட எதிர்க்கவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். பர்மாப் பெண்டாட்டி உள்ளவர்கள் சிலர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜன்னலுக்குப் பின்னால் நாங்கள் யாரும் தட்டவில்லை.

கூட்டம் முடிந்ததும் தேவராஜ் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். "நல்லப்பா, இனி தடை இல்ல. டவுன்ஷிப்புல எழுதிக் கேட்டா எடுத்து மாத்த விடுவாங்க. ஆளு நான் ஏற்பாடு பண்றேன். உங்களுக்குன்னு இருக்கற எடத்துக்குப் பக்கத்துலயே வெச்சுடலாம்" என்றார்.

"தோண்ட மாட்டேன்" என்றார் அண்ணன்.

"ஒரு மணி நேர வேலை, நல்லப்பா."

"எத்தனை நேர வேலைன்னு எனக்குத் தெரியும். அவளைத் தோண்ட மாட்டேன். என் எடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க. அவ உள்ள வர முடியலன்னா நான் வெளிய அவகிட்ட போயிடறேன்."

மறுநாள் காலையில் கடையை என் தங்கச்சி மகளிடம் விட்டுவிட்டு நான் அவரோடு யேவேக்குப் போனேன். மமாவுக்குப் பக்கத்துக் குழியைத் தனக்கென்று சொல்லிவைக்க வேண்டும், மயானத்து ஆட்களிடம் கெஞ்சியாவது கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தார். பல நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் இருந்தது. அங்கே சபை இல்லை, விதி இல்லை, யாரையும் வழிமொழியச் சொல்ல வேண்டாம், கேட்டுவிட்டால் தீர்ந்தது என்றார். மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டோம்.

மமாவை வைத்த அன்று அவளுக்கு வலது பக்கம் புல்தரையாக இருந்தது எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது. இப்போது அங்கே ஈரம் காயாத மேடு ஒன்று. அதற்கு அப்பால் இன்னொன்று, அதற்கும் அப்பால் இன்னொன்று. இடது பக்கம் முன்பே யாரோ இருந்தார்கள். தலைமாட்டில் பழைய வரிசை, கால்மாட்டில் நடைபாதை. குழி வெட்டுகிறவர் ஒருத்தர் வந்தார். அண்ணன் அவரிடம் பர்மா பாஷையில் கேட்டார். பக்கத்தில் இருப்பது யார் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. நீங்கள் வைத்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே வந்த ஆள் என்றார். இங்கே யாருக்கும் இடம் பிடித்துவைக்க முடியாது, வருகிற வரிசைதான் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அண்ணன் மமாவின் மேட்டுக்கும் அந்தப் புது மேட்டுக்கும் நடுவில் போய் நின்றார். ஒரு கால் வைக்கத்தான் இடம் இருந்தது. கீழே குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என் எடத்துல யாரோ படுத்துட்டாங்க, ராதா" என்றார்.